வலுத்த மட்டக்குதிரைக்கு மூக்குப்பட்டை

மட்டக்குதிரை என்பது ஓர் இனத்தின் பெயரன்று, உயரத்தைக் குறிக்கும் சொல். முன்னங்கால்களுக்கு மேலே கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அளக்கும்போது, லாடமின்றி 148 செ.மீ.க்கு மேற்படாத குதிரையைப் பன்னாட்டுப் போட்டி விதிகள் மட்டக்குதிரையாகக் கொள்கின்றன. 4 அங்குலத்தை ஒரு ‘கை’ என்று எண்ணிப் பழகிய பிரிட்டனில் ஏறத்தாழ அதே எல்லை 14 கை 2 அங்குலம் என்று வழங்குகிறது. வேல்ஸின் மலைச்சரிவுகளிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கனமாராவிலும் ஷெட்லாந்துத் தீவுகளிலும் காற்றையும் மழையையும் தாங்கி, கிடைத்த புல்லை மேய்ந்து, பாரம் சுமந்தும் வண்டி இழுத்தும் வாழ்ந்த குட்டை இனங்கள் இன்று பெரும்பாலும் குழந்தைகளின் சவாரிக்கே பயன்படுகின்றன. உடல் சிறுத்தாலும் வலிமை அதே விகிதத்தில் சிறுப்பதில்லை. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தும் உடலின் எடை கன அளவைப் பொறுத்தும் அமைவதால், உருவம் மாறாமல் உயரம் மட்டும் பாதியாகும் என்று கொண்டால் எடை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது வலிமை நான்கில் ஒரு பங்காகவே குறைகிறது. எடைக்கு எடை பார்த்தால் மட்டக்குதிரை பெரிய குதிரையைவிட வலுவானது என்று லாயங்களில் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அத்தகைய விலங்கின்மீது 35 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி அமர்ந்து, இரு கடிவாள வார்களையும் பின்னோக்கி இழுக்க, அது நிற்கிறது. அவளுடைய கைவலிமை அதை நிறுத்தியதாக இயற்பியல் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. வாயில் ஓர் அழுத்தம் தோன்றினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் அழுத்தம் விலகும் என்று குதிரை கற்றிருப்பதாலேயே அது நிற்கிறது. இந்தப் பாடம் தேய்ந்துபோன மட்டக்குதிரை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கடிவாளத்தின்மேல் சாய்ந்துகொண்டு தன் விருப்பப்படி ஓடுகிறது. அதனை ‘வலுத்த குதிரை’ என்று குறிப்பிடும் பெற்றோரும் பயிற்சியாளரும் முதலில் தேடிச் செல்வது சேணக்கடையில் தொங்கும் மூக்குப்பட்டைகளைத்தான்.

மூக்குப்பட்டை என்றதும் தமிழ் வாசகருக்கு மாட்டின் மூக்கணாங்கயிறு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு. மூக்கணாங்கயிறு மாட்டின் இரு நாசித்துளைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்துச் செல்வது. மூக்குப்பட்டை எதையும் துளைக்காமல், குதிரையின் மூக்கையும் கீழ்த்தாடையையும் வெளியிலிருந்து சுற்றிப் பூட்டப்படும் தோல் வளையம். மாட்டுக்கு அந்தக் கயிறே கட்டுப்பாட்டுக் கருவி. குதிரைக்கோ பட்டை துணைக்கருவி மட்டுமே, ஏனெனில் சவாரிக்காரரின் கையிலுள்ள வார்கள் வாய்க்குள் இருக்கும் இரும்புத் துண்டோடு இணைந்துள்ளன. அத்துண்டை இங்கே கடிவாள இரும்பு என்று குறிப்பிடலாம். அந்த இரும்பிலிருந்து தப்புவதற்குக் குதிரை வாயைத் திறப்பதைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலான மூக்குப்பட்டைகளின் வேலை என்பதால், வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை அறியாமல் பட்டையைத் தேர்வது இருட்டில் துழாவுவதாகும்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத நீண்ட இடைவெளி ஒன்றுண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் கிடக்கிறது. அந்த இடைவெளியில் கீழ்த்தாடையின் விளிம்பு மெல்லிய ஈற்றுத்தசையால் மட்டுமே மூடப்பட்டிருக்கிறது, இரு விளிம்புகளுக்கும் நடுவே தடித்த நாக்கு நிரம்பியிருக்கிறது. வாய் மூடியிருக்கும்போது நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே காலியிடம் மிகக் குறைவு என்பதால், இரும்பு கிடப்பதற்கான இடத்தை நாக்குத்தான் நசுங்கிக் கொடுக்கிறது. மட்டக்குதிரைகளின் குறுகிய தலையிலும் பெரிய குதிரையிலுள்ள அதே எண்ணிக்கையில் பற்களும் தடித்த நாக்கும் அடங்க வேண்டியிருப்பதால், பெரிய குதிரைக்குப் பொருந்திய பருமனான இரும்பு மட்டக்குதிரையின் வாயில் திணிப்பாகவே அமையக்கூடும். இரும்பு பருத்திருந்தால் மென்மையானது என்ற பொதுநம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகிறது. வாயைத் திறந்துகொண்டே ஓடும் மட்டக்குதிரைகளில் சிலவற்றுக்கு வேண்டியது புதிய மூக்குப்பட்டை அன்று, சற்று மெலிந்த இரும்பு.

பற்களையும் கவனிக்க வேண்டும். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது, பற்களோ வாழ்நாளின் பெரும்பகுதியிலும் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வெளிவந்துகொண்டே தேய்பவை. அகலம் ஒத்துப்போகாமையால் மேற்கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு முழுமையாகத் தேயாமல் கத்திமுனை போல் கூர்மையடைகிறது. குதிரைப் பல் மருத்துவர் அதனை அவ்வப்போது அரத்தால் ராவி மழுக்குவது இதற்காகவே. கன்னத்தின் உட்புறம் அந்தக் கூர்விளிம்பை ஒட்டியே இருப்பதால், வெளியிலிருந்து ஒரு பட்டை கன்னத்தை உள்நோக்கி அழுத்தும்போது சதை பல்லில் உரசிப் புண்ணாகிறது. புண்ணுள்ள வாயைக் குதிரை திறக்கிறது, திறந்த வாயைக் கண்டு பட்டை மேலும் ஓர் ஓட்டை இறுக்கப்படுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய மட்டக்குதிரை முரட்டுத்தனம் மிக்கது என்ற பெயரோடு கைமாறிக் கைமாறி விற்கப்படுவது அரிதன்று.

பட்டைக்குக் கீழே உள்ள எலும்பும் எங்கும் ஒரே தன்மையுடையதாக இல்லை. கண்களுக்குக் கீழே அகன்று உறுதியாகத் தொடங்கும் மூக்கெலும்புகள் நாசியை நோக்கிச் செல்லச்செல்லக் குறுகி, ஈட்டிமுனை போல் முடிகின்றன. அந்த முனைக்குப் பக்கத்தாங்கல் கிடையாது, அதற்கப்பால் குருத்தெலும்பும் தோலும் மட்டுமே உள்ளன. குதிரை மனிதரைப் போலவோ நாயைப் போலவோ வாயால் மூச்சுவிடக்கூடிய விலங்கன்று. அதன் மெல்லண்ணம் தொண்டையை வாயிலிருந்து திரைபோல் பிரித்துவிடுவதால், முழு மூச்சும் நாசித்துளைகள் வழியாகவே சென்று வர வேண்டும். நாற்கால் பாய்ச்சலில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்ற கணக்கில் சுவாசமும் ஓட்டமும் இணைந்துவிடுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருந்த மூச்சு அப்போது 100-ஐத் தாண்டிவிடும். அந்நிலையில் நாசி விரியும் இடத்தில் ஒரு வார் குறுக்கே கிடந்தால் அது கட்டுப்பாடு என்ற நிலையைக் கடந்து மூச்சுத்தடையாகிவிடுகிறது. மூச்சு முட்டும் விலங்கு நிற்கும் என்று நம்புவோர் உண்டு. அது மிரண்டு மேலும் விரைவதற்கான வாய்ப்பே அதிகம்.

இனி இயற்பியல். தாடை ஒரு நெம்புகோல். காதுக்குக் கீழேயுள்ள தாடை மூட்டு அதன் சுழல்புள்ளி. ஒரு மட்டக்குதிரையின் தலையில் அந்த மூட்டிலிருந்து முன்பற்கள் 36 செ.மீ. தொலைவிலும், வழக்கமான மூக்குப்பட்டை 20 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்ளலாம். பட்டைக்கும் மூக்குக்கும் இடையே 1.5 செ.மீ. இடைவெளி விட்டால், அந்த இடைவெளி முன்பற்களில் ஏறத்தாழ 2.7 செ.மீ. திறப்பாகப் பெருகுகிறது, குதிரை மெல்லலாம், எச்சிலை விழுங்கலாம், நாக்கை நகர்த்திக்கொள்ளலாம். அதே 1.5 செ.மீ. இடைவெளியோடு பட்டையை மூட்டிலிருந்து 28 செ.மீ. தொலைவுக்கு, அதாவது நாசியை நோக்கிக் கீழே இறக்கிக் கட்டினால் திறப்பு 2 செ.மீ.க்கும் குறைந்துவிடுகிறது. நெம்புகோலின் நீண்ட முனையைப் பிடிப்பதால் தாடையைத் தடுக்க அங்கே குறைந்த விசையும் போதும். கீழே கட்டும் பட்டை வலுவாக வேலை செய்வதன் காரணமும், அதனை மேலே கட்டும் பட்டையைப் போல் இறுக்கக் கூடாது என்பதன் காரணமும் இந்த ஒரே கணக்கில் அடங்கியுள்ளன.

இரண்டாவது கணக்கு அழுத்தத்தைப் பற்றியது. வளைந்த பொருளைச் சுற்றிய வார் அதன்மேல் செலுத்தும் அழுத்தம், வாரின் இழுவிசையை வாரின் அகலத்தாலும் வளைவின் ஆரத்தாலும் வகுத்தால் கிடைக்கும். தட்டையான கன்னத்தில் ஆரம் பெரிது, எனவே அழுத்தம் குறைவு. மூக்கெலும்பின் முகட்டிலும் கீழ்த்தாடையின் இரு விளிம்புகளிலும் ஆரம் சிறிது, எனவே அழுத்தம் அங்கே குவிகிறது. 2.5 செ.மீ. அகலமுள்ள ஒரு வாரை, 2 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையுடன் மட்டும் இழுத்து, 2 செ.மீ. ஆரமுள்ள முகட்டின்மேல் பூட்டினால் அங்கே தோன்றும் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 300 மி.மீ. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் இரத்த ஓட்டம் நின்றுபோகும் அளவுக்குப் பட்டையைக் காற்றால் நிரப்புவார்களே, அதற்கும் மேற்பட்ட அழுத்தம் இது. மனிதக் கைக்கு அந்த நிலை சில விநாடிகள் மட்டுமே நீடிக்கிறது, குதிரைக்கோ சவாரி முடியும்வரை. அகலமான, பஞ்சு வைத்துத் தைத்த பட்டை அழுத்தத்தைப் பரப்புவது உண்மைதான், ஆயினும் மென்மையாகத் தோன்றுவதாலேயே அதனை மேலும் இறுக்கும் ஆசையும் பிறக்கிறது.

இறுக்கத்தின் விளைவு ஆய்வுக்கூடத்திலும் அளக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 12 குதிரைகளுக்கு மூக்குப்பட்டை தளர்வாகவும் படிப்படியாக இறுக்கியும் பூட்டப்பட்டது. இடைவெளியே இல்லாத நிலையில் இதயத்துடிப்பு உயர்ந்தது, மெல்லும் அசைவு ஏறக்குறைய நின்றது. பட்டையைக் கழற்றியபின் குதிரைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டாவி விட்டன, விழுங்கின, நாக்கால் நக்கின. அடக்கி வைத்த இயல்பு விடுபட்டதும் பெருகி வெளிப்படுவதை விலங்கு நடத்தையியல் தடைக்குப் பிந்தைய பெருக்கம் என்ற பொருளில் குறிப்பிடுகிறது. ஓர் உயிருக்கு அந்த அசைவுகள் தேவையாக இருந்தன என்பதற்கு அது சான்று. மறு ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிக் களங்களில் 750 குதிரைகளை அளந்தது. மரபுவழிக் குதிரையேற்ற நூல்கள் கூறும் இரண்டு விரல் இடைவெளி 7 விழுக்காட்டுக் குதிரைகளிடமே காணப்பட்டது. 44 விழுக்காட்டுக் குதிரைகளின் பட்டைக்குள் ஒரு விரலும் நுழையவில்லை.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு சேணக்கடைக்குள் நுழைந்தால், அங்கே தொங்கும் வகைகளின் குணம் எளிதில் விளங்கும். கேவசன் எனப்படும் சாதாரணப் பட்டை கன்னமேட்டின் கீழ்முனைக்கு இரண்டு விரல் கீழே கிடப்பது. கன்னமேடு என்பது குதிரையின் முகத்தில் கண்ணுக்குக் கீழே புடைத்துத் தெரியும் எலும்பு விளிம்பு. உறுதியான எலும்பின்மேல் கிடப்பதாலும் மூச்சுப்பாதைக்கு எட்டத்தில் இருப்பதாலும் தளர்வாகப் பூட்டிய கேவசன் தீங்கற்றது. அதே அளவில் வாய் திறப்பதையும் அது பெரிதாகத் தடுப்பதில்லை. கிராங்க் என்ற வகையில் வார் ஒரு வளையத்துக்குள் புகுந்து திரும்பி வருவதால், கிணற்றில் இரட்டைக் கப்பி போட்டு இறைப்பதுபோல், கையின் இழுப்பு இரட்டிக்கிறது. இறுக்குவதற்கென்றே அமைந்த பொறிமுறையைக் குழந்தையின் குதிரைக்கு வாங்குவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

டிராப் எனப்படும் தாழ்பட்டை, பெயருக்கேற்ப மூக்கின் கீழ்ப்பகுதியில் கிடந்து, பின்வார் கடிவாள இரும்புக்குக் கீழாகச் சென்று முகவாய்க்குழியில் பூட்டப்படுவது. நெம்புகோல் கணக்கின்படி இது வலுவானது, பழகிய கையில் நல்ல பயன் தருவது. வாயைத் திறக்க முயலும்போது மட்டும் மூக்கில் ஓர் அழுத்தம் தோன்றி, திறப்பதை விட்டதும் தானே விலகிவிடுவதால், குதிரைக்குப் புரியும் மொழியில் அது பேசுகிறது. ஆனால் மட்டக்குதிரையிடம் ஒரு சிக்கல் உண்டு. மூக்கின்மேல் கிடக்கும் முன்வார், நாசித்துளையின் மேல்விளிம்புக்கு நான்கு விரல் உயரத்தில், எலும்பின்மேல் இருக்க வேண்டும். குறுகிய தலையில் கன்னமேட்டுக்கும் நாசிக்கும் இடையே அதற்கான இடம் சிறிது. பெரிய குதிரைக்குத் தைத்த பட்டையை ஓட்டை போட்டுச் சுருக்கி மாட்டும்போது பின்வார் மட்டுமே சுருங்கும், முன்வார் நீளமாகவே நின்று, மூக்கில் சரிந்து, எலும்பு முடியும் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. முன்வாரின் நீளம் தலைக்கு ஏற்றதாகத் தைக்கப்படாத தாழ்பட்டையை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

கேவசனோடு கீழே ஒரு மெல்லிய இரண்டாம் வாரைச் சேர்த்ததே ஃபிளாஷ். இன்று எங்கும் காணப்படுவது இதுதான், சிறப்பாகப் பாராட்ட எதுவும் இல்லாததும் இதுதான். கீழ்வாரை இறுக்கினால் மேற்பட்டை நாசியை நோக்கி இழுபடுகிறது, அது இழுபடாமலிருக்க மேற்பட்டையை முதலில் இறுக்க வேண்டியிருக்கிறது. ஆக ஒன்றுக்கு இரண்டு இறுக்கம்.

வேகமாகப் பாயும் வலுத்த மட்டக்குதிரைக்குப் பயிற்சியாளர் பலர் பரிந்துரைப்பது கிராக்கிள் என்ற குறுக்குப்பட்டையை. 1931-இல் இங்கிலாந்தின் எயின்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் தடைதாண்டும் பந்தயத்தை வென்ற கிராக்கிள் என்ற குதிரையின் பெயரை இது தாங்கியிருக்கிறது. இரு வார்கள் மூக்கின்மேல் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு, ஒன்று கன்னமேட்டுக்கு மேலாகவும் மற்றொன்று இரும்புக்குக் கீழாகவும் சென்று பின்புறம் பூட்டப்படுகின்றன. குறுக்கிடும் இடத்தில் ஆட்டுத்தோல் வைத்த சிறு வட்டத் திண்டு. இதன் சிறப்பு இரண்டு. அழுத்தம் மூக்கைச் சுற்றிப் பரவாமல் உயரமான ஒரு புள்ளியில் நிற்பதால் நாசி விரிவதற்கு இடம் கிடைக்கிறது, தாடையைப் பக்கவாட்டில் கோணி இரும்பிலிருந்து நழுவும் தந்திரமும் இதனால் தடைபடுகிறது. இடர் என்னவெனில், அழுத்தம் ஒரே புள்ளியில் குவிவதால் இறுக்கினால் புண் விரைவில் தோன்றும் என்பதே. திண்டு மூக்கெலும்பின் உறுதியான மேற்பாதியில் இருக்கிறதா, பூட்டியபின் மேலே ஏறவோ கீழே சரியவோ செய்கிறதா என்பதை ஓட்டத்துக்குப் பின்னரும் பார்க்க வேண்டும்.

கைன்டன் என்ற வகையை மாறுபட்ட கருவியாகவே கருத வேண்டும். இது வாயை மூடுவதில்லை. இரும்பின் இருபுறமும் தழுவும் உலோகக் கொக்கிகள் மூக்குவாரோடு இணைந்திருப்பதால், கடிவாள வாரை இழுக்கும்போது வாயில் விழவேண்டிய விசையின் ஒரு பகுதி மூக்குக்கு மாறுகிறது. வாயின் உணர்வு மரத்துப்போன, இழுத்து ஓடும் குதிரையிடம் இது திடுக்கிடும் அளவுக்குப் பயன் தருவதுண்டு. இருப்பினும், தடுமாறும்போதெல்லாம் வாரைப் பிடித்துச் சமநிலை தேடும் ஒரு குழந்தையின் கையில், ஒவ்வொரு தடுமாற்றமும் மூக்கெலும்பின்மேல் ஓர் அடியாகிவிடும்.

கருவிகளின் வலிமையை இப்படி வரிசைப்படுத்துவதில் ஓர் ஏமாற்றும் உண்டு. வலுத்த மட்டக்குதிரையின் வலிமை பெரும்பாலும் கற்ற வலிமை. விலங்கு கற்கும் முறைகளுள் ஒன்று, ஒரு செயலைச் செய்ததும் அழுத்தம் விலகினால் அச்செயலை மீண்டும் செய்வது. சிறுமி இழுக்கிறாள், குதிரை கழுத்தை வெடுக்கென்று கீழே தள்ளுகிறது, வார் அவள் விரல்களிலிருந்து நழுவி, அழுத்தம் மறைகிறது. கழுத்தைத் தள்ளினால் விடுதலை என்று குதிரை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது. மறுபுறம், அது வேகத்தைக் குறைத்த பின்னும் அவள் பயத்தில் வாரைத் தளர்த்தாமல் பிடித்திருந்தால், குறைப்பதால் பயனில்லை என்று கற்கிறது. விடாது அழுத்திக்கொண்டிருக்கும் எதையும் நரம்பு மண்டலம் நாளடைவில் பொருட்படுத்தாமல் விடுவதும் சேர்ந்துகொள்கிறது. மூக்குப்பட்டை இந்தப் பாடங்களில் ஒன்றையும் திருத்தாது, திருத்துவதற்குக் கொஞ்சம் கால அவகாசம் வாங்கித் தரக்கூடும், அவ்வளவே. வேலையின்றி லாயத்தில் நின்று ஓட்ஸ் தின்னும் மட்டக்குதிரையிடமும், இளவேனிலின் சர்க்கரை நிறைந்த புல்லை வயிறார மேய்ந்த மட்டக்குதிரையிடமும், கூட்டத்தோடு பாயும்போது மட்டும் வெறிகொள்ளும் மட்டக்குதிரையிடமும் காரணம் வாயிலேயே இல்லை.

ஆகவே பல், முதுகு, சேணம், கடிவாள இரும்பு, தீவனம் என்ற ஐந்தும் பார்த்து முடித்த பின்னரே பட்டையின் முறை வர வேண்டும். அப்போதும் அன்றாடச் சவாரிக்குத் தளர்வான கேவசன் போதும். திறந்த வெளியில் பாயும் நாள்களுக்கு மட்டும், தலைக்குப் பொருந்தத் தைத்த கிராக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, இறங்கியதும் கழற்றிவிடலாம். தாழ்பட்டை அனுபவமுள்ள பயிற்சியாளரின் கண்முன் பயன்படுத்தத் தக்கது. மற்றவற்றைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் தன் போட்டிகளில் பட்டையின் இடைவெளியை அளவுகருவி கொண்டு சோதிக்கிறது. கன்னத்தின் பக்கத்தில் எப்போதும் ஒரு குழிவு இருப்பதால் எவ்வளவு இறுக்கிய பட்டைக்குள்ளும் அங்கே விரல் நுழைந்துவிடும். எனவே கருவி மூக்கெலும்பின்மேல் வைக்கப்படுகிறது, அதன் உயரம் 1.5 செ.மீ. கருவி கையில் இல்லாத லாயத்தில் இரண்டு விரல்களை அருகருகே சேர்த்து அதே இடத்தில் நுழைத்துப் பார்த்தால் போதும். ஆனால் அளக்கும் விரல்கள் பெரியவருடையவையாக இருக்க வேண்டும், சவாரி செய்யும் குழந்தையினுடையவை அதற்கு மெலிந்தவை.